ஆட்சி மாறினால் வரைபடமும் மாறுவதா?

குண்டூர் மிளகாய் வாங்கி விற்கும் நமக்கு அமராவதி அந்நிய ஊர் அல்ல. ஆந்திரத் தலைநகருக்காக அங்கே விவசாயிகள் 33,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தனர்; 2015-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2019-இல் ஆட்சி மாறியது, மூன்று தலைநகரங்கள் என்றார்கள், வேலை முடங்கியது. 2024-இல் மீண்டும் ஆட்சி மாற்றம். 2025 மே மாதம் வேலை மறுபடி தொடங்கியது. இடையில், கிருஷ்ணா கரையில் பயிர் விளைந்த மண்ணில் முட்புதர் மண்டியது. அதை வெட்டவே தனிச் செலவு!

கடன் வாங்கிக் கிடங்கு கட்டும் வணிகருக்கு இந்த ஐந்தாண்டுக் கணக்கு கட்டுப்படியாகுமா? நாம் கேட்பது இதுதான்: நிலப் பயன்பாட்டுத் திட்டம் எந்தக் கட்சி வந்தாலும் நிற்க வேண்டும், மாற்றுவதானால் மக்களைக் கேட்டு, இழப்புக்கு ஈடு கொடுத்தே மாற்ற வேண்டும். நம் ஊர்த் திட்ட வரைவு வெளியாகும்போது, கெடு முடியுமுன் ஒவ்வொரு சங்கமும் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.