விழப் பழக்கிய பிறகே வீழ்த்தப் பழக்குவோம்

தாய்ச்சியின் 24 அசைவு வரிசையில் கைகளை உயர்த்தித் தாழ்த்தித் தொடங்கியவுடன் வருவது ஒரு வீழ்த்துமுறை. காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல் என்று நாம் சொல்லித்தரும் அசைவில் முன்கால் எதிராளியின் காலுக்குப் பின்னே போய் ஊன்றுகிறது, முன்கை அவர் மார்புக்குக் குறுக்கே எழுகிறது, இடுப்பு திரும்புகிறது. அவர் மல்லாந்து விழ வேண்டும். பொதுமக்களின் உடல்நலத்துக்காக 1956-இல் சுருக்கி அமைத்த வரிசையிலேயே இது இருக்கிறது. ஆனால் நம் வகுப்புகளில் யாரும் விழுவதில்லை.

உதை, அடி, வீழ்த்து, பிடி என நான்கும் சேர்ந்ததுதான் சீனத் தற்காப்புக் கலை. ஷுவாய்ஜியாவ் மல்யுத்தத்தின் பெரும் ஆசான் சாங் தோங்ஷெங் தமக்கென ஒரு தாய்ச்சி வரிசையையே வகுத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமாக அவருக்குப் படவில்லை. நமக்கோ துய்ஷோ எனும் இருவர் கைதள்ளும் பயிற்சியில் எதிராளி இரண்டடி பின்வாங்கினாலே போதும் என்றாகிவிட்டது. வீழ்த்தத் தெரிந்தவர்கள் நம்மிடையே உண்டு; விழத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

விழப் பழகுவதை ஒரு துணைப்பயிற்சி என்று ஒதுக்க நான் ஒப்பமாட்டேன். தரைக்கு அஞ்சுகிறவரின் உடல் தளராது. நிலை குலைந்த நொடியில் தோள் மேலேறும், மூச்சு நிற்கும், கை எதிராளியின் சட்டையைப் பற்றும். ‘தளர்த்துங்கள், தளர்த்துங்கள்’ என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் இறுகுவது எதனால் என்று பார்ப்பதில்லை. பின்புறமாக விழ அஞ்சாதவருக்குத் துய்ஷோவில் வேறு உடல் வாய்த்துவிடுகிறது.

ஜூடோக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். அங்கே புதிதாக வருபவர் முதலில் விழத்தான் கற்கிறார். பாய்மேல் குந்திய நிலையிலிருந்து தொடங்கலாம். மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். பின்மண்டையைக் காப்பது அதுதான். முதுகை வளைத்து, மூச்சை வெளியே விட்டபடி புட்டத்திலிருந்து தோள்வரை உருள வேண்டும். உள்ளங்கையை ஊன்றவே கூடாது, மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். குந்தி விழுவது இயல்பான பிறகே நின்று விழுவது, அதற்கும் பிறகே இன்னொருவர் வீழ்த்த விழுவது. வீழ்த்துபவருக்கும் கடமை உண்டு: விழுகிறவரின் கையை இறுதிவரை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும், அவர்மேல் தாமும் சாயக் கூடாது. வெறுந்தரையிலோ பூங்காவின் சிமெண்டுத் தளத்திலோ இதைச் செய்ய வைக்கும் ஆசிரியரை நான் கண்டிக்கிறேன்.

முதியவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எலும்பு மெலிந்தவரை விழ வைக்கச் சொல்லவில்லை. நாற்காலியைப் பற்றி மெல்லத் தரையில் இறங்கவும், பக்கவாட்டில் புரண்டு முழங்காலூன்றி எழவும் அவருக்குக் கற்பிக்கலாம். விழுந்தபின் எழ முடியாமல் நெடுநேரம் கிடப்பதும் ஆபத்துதானே? தாய்ச்சி முதியோர் விழுவதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கக்கூடும் என்று 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னதை நாம் விளம்பரங்களில் போட்டுக்கொள்கிறோம். மீதி நான்கு பங்குக்கு நம் வகுப்பில் என்ன வைத்திருக்கிறோம்?

ஆசிரியர் சான்றிதழ் தரும் அமைப்புகள் தேர்வில் விழுதலையும் சேர்க்க வேண்டும். உடல் இடங்கொடுப்பவர் பாய்மேல் விழுந்து காட்டட்டும். இடங்கொடுக்காதவர், புதியவர் ஒருவருக்கு அதைப் படிப்படியாகக் கற்பித்துக் காட்டட்டும்.