நான் போடாத கையெழுத்து

ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. 2009-ன் தொடக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கண் அசந்த நேரத்தில் பழைய அலுவலகத்திலிருந்து போன். "சார், போன வாரம் நீங்க ஒரு என்ட்ரி போட்டிருக்கீங்களே, அதுக்கான ஃபைல் எந்த பீரோவுல இருக்கு?" என்று ஒரு குரல். புதிதாக வந்த உதவியாளர். அவருக்கு நான் யார் என்றே தெரியாது. கம்ப்யூட்டரில் என் பெயர் வந்திருக்கிறது, யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். "தம்பி, போன வாரம் நான் அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தேன். ஆபீசுக்கு வந்து ஏழு மாசம் ஆச்சு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. இன்று அங்கே இருப்பவர்களுக்கு இதில் சம்பந்தம் கிடையாது. தவறு என்னுடையது. என் கடைசி நான்கு வருடங்களில் எங்கள் பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எட்டுப் பேருக்கு ஒரு பெட்டி, ஒரே ஒரு யூசர் நேம், அதுவும் என் பெயரில். எனக்கோ இரண்டு விரலால் தட்டத்தான் வரும். தினக்கூலிக்கு வந்த ஒரு பெண்தான் எல்லாவற்றையும் அடித்தாள். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்பு, தன் பதிவேடு, நிலுவைக் கோப்புகள் என்று பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். ஒரு பழைய ஸ்டேப்ளர்கூடப் பட்டியலில் இருந்தது. பாஸ்வேர்டு இல்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், என் பெயர் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஓய்வூதியர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடியபோது வந்த பேச்சு. பி.எம். கிசான் மோசடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நண்பர் சொன்னார்: "எல்லாம் அந்தக் காண்டிராக்ட் பசங்க பண்ண வேலை சார். ஆபீசர் பாவம், நம்பிக் குடுத்தார்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே வாதம் செய்தால் டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். இங்கே விடுவதாக இல்லை.

அந்தத் திட்டம் உங்களுக்குத் தெரியும். நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. 2019 பிப்ரவரியில் தொடங்கினார்கள். 2020-ல், கொரோனா காலத்தில், நம் விழுப்புரம், பக்கத்துக் கள்ளக்குறிச்சி, கடலூர்ப் பக்கமெல்லாம் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களுக்கும் பணம் வருவது வெளியே தெரிந்தது. அந்த செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். ஆய்வு செய்தவை 5.95 லட்சம் கணக்குகள். அதில் தகுதியில்லாதவை 5.38 லட்சம். போன பணம் 110 கோடி, அதுவரை திரும்ப வந்தது 61 கோடி. 13 மாவட்டங்களில் வழக்கு, 52 பேர் கைது.

குமாஸ்தா புத்தி போகுமா? வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஏறத்தாழ 2,045 ரூபாய். அதாவது ஒரு தவணை. கூலி வேலையும் இல்லாத ஊரடங்கு நாளில், தெருவில் யாரோ வந்து ஆதாரும் பாஸ்புக்கும் கேட்டார்கள், கொடுத்தோம், பணம் வந்தது என்று இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும். பிறகு அவர்களிடமே திருப்பிக் கேட்டார்கள்.

எப்படி நடந்தது? யாரும் பூட்டை உடைக்கவில்லை. மாவட்ட அளவிலான அலுவலர்களின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் தவறாகப் பயன்படுத்தப்பட்டன என்று மாநில அரசே சொன்னது. இவருக்குத் தகுதி உண்டு என்று சொல்ல வேண்டியவர் அலுவலர். அவர் பெயரில் யாரோ சொன்னார்கள், கம்ப்யூட்டர் நம்பியது. அது யாருடைய விரல் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இப்போது தண்டனைக் கணக்கு. வேலை போன ஒப்பந்தப் பணியாளர்கள் 96 பேர். துறை நடவடிக்கைக்கு ஆளான அலுவலர்கள் 34 பேர். பாஸ்வேர்டு தவறாகப் போனதற்குப் பொறுப்பு என்று தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் வட்டார அளவில் 3 பேர், உதவி வேளாண் அலுவலர்கள் 5 பேர், ஆக எட்டுப் பேர். தற்காலிகப் பணிநீக்கம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்: பிழைப்பூதியம் வரும், விசாரணை நடக்கும். ஒப்பந்தக்காரனுக்கு மறுநாள் காலை வேலை இல்லை, அவ்வளவுதான். திருடியவனைப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திருடியவன் சிறைக்குப் போகட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவு அதற்காகவே இருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை வஞ்சகமாகப் பயன்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது பயன்படுத்தியவனைப் பற்றித்தான். தூக்கிக் கொடுத்த புண்ணியவானைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"நம்பிக் கொடுத்தார்" என்பதுதான் என்னைச் சுட்டது. நம்பிக் கொடுக்க அது அவருடைய சொத்தா?

நாம் இருந்த அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். சார்நிலைக் கருவூலத்தில் பாதுகாப்பு அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவி இரண்டு பேரிடம். ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் அவர் சாவியை மற்றவர் பையில் போட்டுவிட்டுப் போக முடியுமா? போனால் அன்றைக்கே மெமோ. ஏ1 சீட், பி2 சீட் என்று இருந்தோமே, ஏ1 என்பது ஆள் இல்லை, அது ஒரு வேலை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அந்த வேலைக்கு உண்டான கோப்புதான் வரும், பி2-வின் கோப்பு வராது. கம்ப்யூட்டர்க்காரர்கள் யூசர், குரூப், பெர்மிஷன் என்று இன்றைக்குப் புதிதாகச் சொல்வதெல்லாம் இதுதான். யூசர் ஆள். குரூப் சீட். பெர்மிஷன் அந்த சீட்டின் கடமைப் பட்டியல். நாற்பது வருடம் நாம் கடைப்பிடித்ததை, திரை முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டோம். அதனால், கம்ப்யூட்டர் வந்துதான் கெட்டது என்கிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை.

எனக்குப் பள்ளிப்படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சில். (பிறகு அம்மாவின் ஊரான செஞ்சிக்கு வந்து தமிழில் கோப்புக் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டது தனிக் கதை.) பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே எழுத்தராக இருந்த பெரியப்பா, எனக்கு வேலை கிடைத்ததும் ஒரு பாடம் நடத்தினார். பணம் கொடு என்று உத்தரவு போடுகிறவர் 'ஓர்தொனத்தர்'. பணத்தை எடுத்துக் கொடுக்கிறவர் 'கோந்தாபிள்'. இரண்டும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. 1822-லேயே பிரான்சில் அரசாணை போட்டு வைத்த விதி. இன்னொன்றும் சொன்னார். கையெழுத்து அதிகாரத்தை ஒப்படைப்பதற்கு 'தெலெகாசியோன் த சிஞாத்தூர்' என்று பெயர். எழுத்தில் இருக்க வேண்டும், யாருக்கு என்று பெயர் இருக்க வேண்டும், எதற்கு என்று இருக்க வேண்டும். கொடுத்தவரோ வாங்கியவரோ மாறினால் அந்த நிமிடமே செல்லாது. பதவிக்கே அதிகாரத்தை மாற்றிக் கொடுப்பது வேறு; அது ஆள் மாறினாலும் நிற்கும். இந்த இரண்டையும் குழப்புகிறவன் எழுத்தனே இல்லை என்பார் பெரியப்பா. நான் குழப்பினேன். என் பெயரில் இருந்த ஒன்றை, சீட்டுக்குச் சொந்தமானது போல் கீபோர்டுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தேன்.

செஞ்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. கோட்டையைப் பாருங்கள். கீழே நெற்களஞ்சியம், கல்யாண மஹால். அங்கே நெல் மூட்டை இறக்க வந்தவனுக்கு ராஜகிரி உச்சியில் என்ன வேலை? அதற்குத்தான் வாசலுக்கு மேல் வாசல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் கீழ்க்கோட்டை முழுவதும் போனாலும் மேலே இருக்கிறவன் பிழைத்தான். கட்டியவன் யாரையும் சந்தேகப்பட்டுக் கட்டவில்லை, ஒரு வாசல் போனால் எல்லாம் போகக் கூடாது என்று கட்டினான். (1750-ல் புஸ்ஸி இதை ஒரே இரவில் பிடித்ததை எங்கள் பிரெஞ்சுப் பாடத்தில் பெருமையாகப் படித்தோம். அதற்கு முன் சுல்பிகர் கானை எட்டு வருடம் காக்க வைத்த கோட்டை அது என்பதை நான் செஞ்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.)

அரசாங்கத்தை மட்டும் சொல்வானேன். எங்கள் உறவில் ஒரு பையன் அரிசி மண்டி வைத்திருக்கிறான். டேலியில் கணக்கு. முதலாளி, கணக்குப்பிள்ளை, பில் போடுகிற பையன், குடோன் பார்க்கிறவர், எல்லாரும் முதலாளியின் பெயரிலேயே உள்ளே போகிறார்கள். பில் போடுகிற பையன் நினைத்தால் போன வருடத்து ரசீதை அழிக்கலாம். கேட்டதற்கு, "எல்லாம் நம்ம ஆளுங்கதான் பெரியப்பா" என்றான். யார் எதைத் திருத்தினார்கள் என்று பதிந்து வைக்கும் வசதி அதில் இருக்கிறது. கம்பெனிகள் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் அப்படிப் பதிவது கட்டாயமே. அவன் மண்டியில் அந்தப் பதிவைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கும்? திருத்தியவர்: முதலாளி. அழித்தவர்: முதலாளி. நாளைக்குப் பணம் குறைந்தால் அவன் யாரைக் கேட்பான்? நான்கு பேரையும் சந்தேகப்படுவான். தனித்தனி யூசர் வைப்பது வேலைக்காரனை அவமதிப்பது என்று நினைக்கிறான். நான் செய்யவில்லை என்று நிரூபிக்க அந்தப் பையனுக்கு இருக்கிற ஒரே வழியை அடைத்து வைத்திருப்பது இவன்தான்.

பெரிய இடத்திலும் இதே அலட்சியம்தான். 2018 பிப்ரவரியில் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தில், மும்பைக் கிளையிலிருந்து இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு உத்தரவாதச் செய்தி போகும் கணினி முறை வங்கியின் சொந்தக் கணக்கு முறையோடு இணைக்கப்படாமல் கிடந்தது. செய்தி போனது, கணக்கில் ஏறவில்லை. ஆயிரக்கணக்கான கோடி. அதன் பிறகுதான் இணைத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது.

"அப்போ வேலை நடக்க வேண்டாமா சார்? ஆபீசர் ஃபீல்டுக்குப் போயிடுவார், சர்வர் ராத்திரிலதான் வேலை செய்யும், நாளைக்குள்ள பத்தாயிரம் பேரை ஏத்துன்னு மேலேர்ந்து டார்கெட் வரும்" என்று பணியில் இருக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு என் பதில் அவர்களைத் திட்டுவது இல்லை. எட்டுப் பேர் பார்க்கிற வேலைக்கு ஒரு யூசர் நேம் கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டைப் பகிராதீர் என்று சுற்றறிக்கையும் அனுப்புகிற மேலிடம்தான் முதல் குற்றவாளி. அந்தச் சுற்றறிக்கை அவர்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஒப்பந்தப் பணியாளர் பதிவு செய்யத்தான் வேண்டும் என்றால் அவர் பெயரிலேயே ஒரு யூசர் கொடுங்கள். பதிவு மட்டும் செய்யட்டும், ஒப்புதல் பொத்தான் அவர் திரையில் வரவே வேண்டாம். ஒப்பந்தம் முடிகிற தேதியில் அது தானாக மூடட்டும். மாறுதலில் போகிறவரின் கணக்கை, பணிவிடுவிப்பு உத்தரவோடு சேர்த்து மூடுங்கள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் ஸ்டேப்ளருக்கு மேலே அதற்கு ஒரு வரி போடுங்கள். இதற்கெல்லாம் புது மென்பொருள் வேண்டாம், இருப்பதிலேயே முடியும். அலுவலரும், கொடுக்க மாட்டேன், இன்னொரு யூசர் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி அலுவலக நகலைக் கோப்பில் வைக்கலாம். அந்தக் கடிதத்தை எத்தனை பேர் எழுதினார்கள்? நான் எழுதவில்லை.

அந்த என்ட்ரி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஓய்வு பெற்ற தேதி பதிவேட்டில் இருந்ததால் எனக்கு ஒன்றும் வரவில்லை. என்ட்ரியே பெரிய தப்பும் இல்லை, யாரோ அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். ஆனால் அடித்தது யார் என்று கேள்வி வந்ததும் எல்லாரும் அந்தத் தினக்கூலிப் பெண்ணைக் காட்டினார்கள். அந்த மாதத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த பாஸ்வேர்டு பிரிவில் எட்டுப் பேருக்கும் தெரியும், சீட்டு கீபோர்டுக்கு அடியில்தான் கிடந்தது, அவளிடம் கொடுத்ததே நான்தான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். பென்ஷன் கோப்பில் இன்னும் ஒரு பாக்கி இருந்தது. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். நான் கொண்டுபோன காகிதத்துக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்றாள்.