வழவழப்பு மட்டும் போதுமா?



நம்ம ஊருக்கு முத்துநகர்னு பேரு. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்னுபோச்சு, பேர் மட்டும் நிலைச்சிருக்கு. முத்துன்னாலே வழவழப்புதான் ஞாபகம் வரும். ஆனா அசல் முத்தைப் பல்லில் லேசா உரசிப் பாருங்க, நறநறன்னு இருக்கும். கண்ணாடி மணிதான் வழுக்கும்! வழவழன்னு இருப்பதெல்லாம் உசத்தி இல்லை என்பதே என் கருத்து.

உராய்வைக் குறைக்க மெருகேற்ற வேண்டும் என்று பாடத்தில் படிக்கிறோம். அது பாதி உண்மைதான். மீதி பாதியை நான் மீன்பிடித் துறைமுகத்துப் பட்டறையில் கற்றுக்கொண்டேன்.

என் அப்பா விசைப்படகில் டிரைவர். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போதான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பட்டறையில் அவசர அவசரமா லைனரை எமரி தாள் வைத்து கண்ணாடி மாதிரி தேய்ச்சு, புது ரிங் போட்டு மாட்டிட்டாங்க. பார்க்க அழகாத்தான் இருந்தது. மூணாவது நாளே நீலப் புகை. அடுத்த வாரம் நடுக்கடலில் இன்ஜின் பிடிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தபோது நடுராத்திரி. அதுவரை அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் எட்டு நாள் கடலுக்குப் போகலை, பங்குப் பணமும் இல்லை.

அதைச் சரிசெய்த வேறொரு மெக்கானிக் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "இங்க பாரு பிள்ள, பளபளன்னு இருந்தா எண்ணெய் எங்க நிக்கும்? வழுக்கிப் போயிரும்லா?" ஹோனிங் கல்லைச் சுழலவிட்டு மேலும் கீழும் ஓட்டினார். லைனர் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழுந்தன. அந்தக் கோட்டில்தான் எண்ணெய் தங்கும். தங்கிய எண்ணெய்தான் ரிங்கும் லைனரும் நேருக்கு நேர் உரசாமல் காக்கும். அதுக்காக ரொம்பச் சொரசொரப்பா விட்டாலும் ரிங் தேய்ஞ்சுடும். அளவுதான் முக்கியம்.

நம்ம வீட்டு அம்மியையும் கொத்துறோம். அங்கே பள்ளம் பொருளைப் பிடித்து அரைக்க. இங்கே பள்ளம் எண்ணெயைப் பிடித்துக் காக்க. பள்ளம் ஒன்று, வேலை வேறு!

இதையே இஸ்ரேல் நாட்டு டெக்னியான் கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் இட்சாக் எட்சியான் 1990-களில் லேசர் கதிரால் செய்தார். எஃகின் மேல் தலைமுடி பருமன் அகலத்தில், அதில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு குட்டி எண்ணெய்க் கிண்ணம். தேய்ந்து விழும் துகளும் அதற்குள் ஒதுங்கிவிடும். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதம் உராய்வை வெல்லவே போகுதுன்னு 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அப்படின்னா இந்தக் குழி சின்ன விஷயமா?

லேசர் வைத்துச் செய்தால் விஞ்ஞானம், ஹோனிங் கல் வைத்துச் செய்தால் 'கறுப்புக் கை வேலை'யா? ஐ.டி.ஐ. போகிறேன் என்று சொன்ன நம் வகுப்பு மாணவனைப் போன மாதம் எல்லாரும் சிரித்தோமே, நானும்தான் சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தக் கை சரியாக வேலை செய்தால்தான் எங்க அப்பா கரை திரும்புவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும், தடைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் எங்களைப் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். உராய்வுப் பாடத்தை அங்கேயே நடத்தலாம். கரும்பலகையில் தெரியாத கோடுகள் லைனரில் தெரியும்.

சிந்திப்போம், நண்பர்களே!

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி