மிளகாய்ச் செடி ஒரு வருஷத்துச் செடி அல்ல

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டால் போதும், பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் நம்மவர் வீட்டுப் பால்கனிகளில் ஓர் அநியாயம் நடக்கிறது. நான்கு மாதம் காய்த்துக் கொட்டிய மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பையில் திணிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அது ஆன்யுவெல்தானே ஐயா, ஒரு வருஷத்துச் செடி. வாங்கும்போதே சீட்டில் போட்டிருந்ததே" என்று பதில் வருகிறது. அந்தச் சீட்டை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு வருஷத்துச் செடி என்றால் என்ன? கோதுமையைப் போல, கடுகைப் போல, பூத்துக் காய்த்து விதை முற்றியதும் தானாகவே காய்ந்து சாவது. மிளகாய் அப்படிச் சாவதில்லை. மெக்சிகோவும் தென் அமெரிக்காவும் அதன் தாய்நாடு. உறைபனி விழாத இடத்தில் தண்டு மரத்துப்போய், குத்துச்செடியாகப் பல வருஷம் நிற்கும். ஊரில் கிணற்றடியில் ஒரே செடி இரண்டு மூன்று வருஷம் காய்த்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இங்கே அது வயதாகிச் சாகவில்லை, குளிரில் சாகிறது. இரண்டும் ஒன்றல்ல.

பிறகு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1753-இல் லின்னேயஸ் இதற்குக் காப்சிகம் ஆன்னும் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஓராண்டுக்குரியது என்று பொருள். அவர் ஸ்வீடன் நாட்டுக்காரர். அந்த ஊர்ப் பனியில் வெட்டவெளியில் எந்த மிளகாய்ச் செடி இரண்டாவது கோடையைப் பார்க்கும்? இதற்கு இன்னொரு தம்பியும் உண்டு. ஆந்தீய் தீவுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் காரமான குண்டு மிளகாய்க்கு, 1776-இல் ழாக்கன் என்ற அறிஞர் சீனத்து மிளகாய் என்று பெயர் சூட்டினார். அது சீனச் செடியே இல்லை, அதுவும் அமெரிக்கச் செடிதான். இரண்டு பெயரும் இன்றுவரை மாறவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வாழ்நாளெல்லாம் பதிவேடுகளோடு உட்கார்ந்திருந்த குமாஸ்தா நான். ஏட்டில் ஒருமுறை ஏறிய தவறு எவ்வளவு காலம் வாழும் என்று தெரியும். புதுச்சேரிக்காரர்களைக் கேளுங்கள். எத்தா சிவில் ஏட்டில் தாத்தாவின் பெயரில் விழுந்த ஓர் எழுத்துப்பிழை, பேரனின் பாஸ்போர்ட் வரை வந்து நிற்கும். ஆனால் ஏட்டில் பிழை இருக்கிறதென்று நாம் தாத்தாவையா மாற்றினோம்?

"புதுச் செடி நாலைந்து யூரோதானே, எதற்கு இந்தப் பாடு?" என்பார்கள். மே மாதம் பனிப் புனிதர்களின் நாட்கள், அதாவது 11, 12, 13 தேதிகள், கழிந்த பிறகுதான் நாற்றை வெளியே வைக்கிறோம். அது வேர் பிடித்து, கிளைத்து, காய்க்கும்போது கோடையில் பாதி போய்விடுகிறது. போன வருஷத்து வேரும் தண்டும் உள்ள செடி பல வாரம் முந்திக்கொள்ளும். மெதுவாக வளரும் அந்தக் குண்டு மிளகாய்க்கு இது இன்னும் பெரிய லாபம்.

"வீட்டில் இடமில்லை, கணப்புச் செலவு கட்டாது" என்பது அடுத்த சாக்கு. செடியை முழுசாக உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை. இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் காய்களைப் பறித்துவிட்டு, நன்றாகக் கவாத்து செய்யுங்கள். ஒரு சாண் தண்டும் இரண்டு மூன்று கவட்டுக் கிளையும் இருந்தால் போதும். பழைய மண்ணை உதறி, வேரின் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி, சின்னத் தொட்டியில் புது மண்ணில் வையுங்கள். ஒரு காபிக் குவளைக்கு வேண்டிய இடம்தான். ரேடியேட்டர் பக்கமே வேண்டாம். பத்திலிருந்து பதினைந்து டிகிரி உள்ள, வெளிச்சமான ஜன்னலோரம் போதும். கணப்புப் போடாத அறை இருந்தால் அதுதான் நல்லது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர். குளிரைவிட, அதிகமாக ஊற்றும் தண்ணீர்தான் உள்ளே வந்த செடிகளைக் கொல்கிறது.

"பூச்சி வருமே" என்பதில் நியாயம் உண்டு. அசுவினியும் செம்பேனும் வீட்டுச் சூட்டில் பெருகும். அதனால்தான் இலைகளைக் கழித்துவிட்டு, சவோன் நுவார் கரைத்த தண்ணீரால் தண்டைக் கழுவிய பிறகு உள்ளே எடுக்க வேண்டும். இலை சுருண்டு, திட்டுத்திட்டாக வெளுத்த நோய்ச் செடியைத் தாராளமாகத் தூக்கி எறியுங்கள். நான் வாதாடுவது நல்ல செடிக்காக.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். நம்மில் சிலரிடம் அம்மாவோ அக்காவோ ஊரிலிருந்து மடித்துக் கொடுத்த விதையில் வந்த மிளகாய் இருக்கிறது. காரைக்கால் வீட்டில் தயிரில் ஊறவைத்து மோர் மிளகாய் போட்ட அதே மிளகாய். "விதை எடுத்து வைத்துக்கொள்கிறேன்" என்கிறீர்கள். பக்கத்துப் பால்கனியில் குடமிளகாய் இருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும். அந்த விதையில் வரும் அடுத்த செடி அம்மாவின் மிளகாயாக இருக்குமென்று சொல்ல முடியாது. டப்பாவில் கிடக்கும் பழைய விதையும் சில வருஷத்தில் முளைக்காது. ஊரிலிருந்து மறுபடி கொண்டுவரலாம் என்றால், 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை கொண்டுவரக் கூடாது. மடித்துக் கொடுக்க அம்மாவும் இல்லை. கையில் இருக்கும் அந்த ஒரு செடிதான் மூலப் பத்திரம். அதைத்தான் குப்பைப் பையில் போடுகிறீர்கள்.

லா சப்பல் போனால் மிளகாய் கிலோக் கணக்கில் கிடைக்கும், மறுக்கவில்லை. அது கடை மிளகாய். இந்த வருஷம் பிடுங்கக் கை வைக்கும் முன், சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள். பிப்ரவரி கடைசியில் வெறும் குச்சியாக நிற்கும் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் வெதுவெதுப்பான ஜன்னலுக்கு மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். தளிர் வரும்.