எந்திரத்தை நிறுத்தும் உரிமை யாருக்கு?

தொழிற்சங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவிற்கு வருவன கொடி, கோஷம், கதவடைப்பு, தீபாவளி போனஸ் ஆகியவையே. சங்கம் என்பது கூலி உயர்வு கேட்கும் கூட்டம் என்ற அளவிலேயே நம் எண்ணம் நின்றுவிடுகிறது. ஆனால் கூலியை வாங்குவதற்குக் கை வேண்டும். அதை வீடு கொண்டு சேர்ப்பதற்கு உயிர் வேண்டும். அந்தக் கையையும் உயிரையும் காப்பதே சங்கத்தின் முதற்கடமை என்பது என் கருத்து.

இது நமக்கு எட்டாத செய்தி அன்று. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் நம் பகுதியின் வாழ்க்கையே மாறத் தொடங்கியது. இன்று தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் ஆகிய ஊர்களில் பொழுது விடியுமுன்பே கம்பெனிப் பேருந்துகள் ஆள் ஏற்றிச் செல்கின்றன. பட்டம் பெற்ற கையோடு அப்பேருந்தில் ஏறப்போகிறவர்கள் நம்முள்ளும் பலர். அவர்களிலும் நிரந்தரத் தொழிலாளராகப் போகிறவர் சிலரே. ஒப்பந்தக்காரரின் ஆளாகவும், பயிற்சியாளராகவும் போகிறவரே மிகுதி. ஆகவே இது நம் நாளைய பிரச்சினை.

2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரை அடுத்து எல்லைக்கு அப்பால் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிடங்கும் தீப்பற்றி எரிந்ததை யாரே மறப்பர்? பதினான்கு பேருக்கு மேல் மாண்டனர். தீபாவளிக் காலத்து வேலைக்காகத் தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற இளைஞர்கள் அவர்களில் பலர், மாணவர்களும் இருந்தனர். சில நாள் வேலைக்குச் செல்பவனுக்குச் சங்கம் ஏது? “இவ்வளவு வெடியை இப்படி அடுக்கலாமா?” என்று அவன் யாரிடம் கேட்பான்? கேட்டால் மறுநாள் வேலை இருக்குமா?

சிறு கடையில்தான் இப்படி, பெருந்தொழிற்சாலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 2024 செப்டம்பர் 28 அன்று நாகமங்கலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் ரசாயனப் பகுதியில் தீ மூண்டது. நல்வாய்ப்பாக உயிர்ச்சேதம் இல்லை; எனினும் புகையினால் மூச்சுத்திணறிச் சிலர் சிகிச்சை பெற்றனர்; உற்பத்தியும் நின்றது. நவீன எந்திரம் வந்துவிட்டதாலேயே ஆபத்து அகன்றுவிடுவதில்லை.

“இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே” என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அச்சட்டம் எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் நச்சுவாயு தாக்கி ஒரு தொழிலாளி மாண்டார். ஆலைத் தொழிற்சங்கத்தினர் 1982இலேயே ஆபத்தைச் சுட்டிக்காட்டி ஊராரை எச்சரித்தனர். எச்சரிக்கும் வாய் அவர்களுக்கு இருந்தது. எந்திரத்தை நிறுத்தும் வலிமை இல்லை. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் உறக்கத்திலேயே மடிந்தனர். அதன் பின்னரே, 1987இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும், ஆபத்து நெருங்கினால் தொழிலாளி அதை முறையிடலாம் என்றும் விதி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் முறையிடும் உரிமை உண்டு.

முறையிடலாம், சரி. தனி ஒருவன் முறையிட்டால் அவன் ‘தொல்லை கொடுப்பவன்’. நூறு பேர் சார்பில் ஒருவர் முறையிட்டால் அது கோரிக்கை. சட்டம் தாளில் இருப்பதற்கும் களத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சங்கமே பாதுகாப்புப் பிரதிநிதியை நியமிக்கவும், அவர் ஆலையைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கவும் உரிமை தந்தன. பிரதிநிதியை நிர்வாகம் தேர்ந்தெடுத்தால் அவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காலம் கடந்து ஒன்றுகூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. அங்கிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. வேலை போன பின்னர், உடல் கெட்டதென்று முன்னாள் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு போராடினர். 591 பேருக்கு இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! பாதரசம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாய் உடம்பில் ஏறிய நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

கண்ணுக்குத் தெரியாமல் ஏறும் நஞ்சு இன்னொன்றும் உண்டு. அதுதான் வேலையின் நெருக்கடி. மணிக்கு இத்தனை என்னும் இலக்கு, மாறி மாறி வரும் இரவு ஷிப்டு, கழிப்பறைக்குப் போவதற்கும் சூப்பர்வைசரின் முகம் பார்க்கும் நிலை ஆகியவை மனத்தை அரிக்கின்றன. தூக்கம் கெட்ட கண்ணுக்கு எந்திரத்தின் பல் தெரிவதில்லை. ஆகவே மனநெருக்கடியையும் விபத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

இதைச் சங்கங்கள் அறியாதவை அல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய போது முதலில் எடுத்துக்கொண்ட குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். பிரான்சில் 2007ஆம் ஆண்டு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் இரு சங்கங்கள் ஊழியரின் மனநெருக்கடியைக் கண்காணித்துப் பதிவு செய்ய ஓர் அமைப்பையே நிறுவின. அந்நிறுவனத்தில் அடுத்தடுத்துத் தற்கொலைகள் நேர்ந்தன. 2019இல் அதன் முன்னாள் தலைவருக்கே நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

சங்கங்களிடமும் குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. போனஸுக்குக் காட்டும் வேகத்தைப் புகைபோக்கிக்கும் காதடைப்பானுக்கும் காட்டாத சங்கங்கள் பல. ஒரே ஆலையில் மூன்று கொடி பறந்து மூன்றும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குறை, ஒப்பந்தத் தொழிலாளியை ‘நம்மவன் அல்லன்’ என்று ஒதுக்குவது. மிக ஆபத்தான வேலை அவனிடம்தான் தள்ளப்படுகிறது. நம் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுவோரோடு, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மக்களும் தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். ‘அபாயம்’ என்ற பலகை அவரவர்க்குப் புரியும் மொழியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலையே.

“சங்கம் வைத்தால் கம்பெனி கர்நாடகத்திற்குப் போய்விடும்” என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. எல்லை நமக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதால் இந்த அச்சம் நம்மைச் சீக்கிரம் பற்றிக்கொள்கிறது. ஆனால் பணிப்பாதுகாப்புச் சட்டம் இரு மாநிலங்களுக்கும் ஒன்றுதான். தீயும் எல்லைக்கல்லைப் பார்த்துப் பற்றுவதில்லை. அத்திப்பள்ளி அதைக் காட்டிவிட்டது. கை போனவன் இரு மாநிலத்திலும் கை போனவனே. விபத்தினால் ஆலை நின்றுபோகும் நாட்களைக் கணக்கிட்டால், பாதுகாப்புக் கேட்கும் சங்கம் நிர்வாகத்திற்கும் பகையன்று என்பது விளங்கும்.

மாணவ நண்பர்களே! பொருளாதார வகுப்பில் உற்பத்திக் காரணிகளுள் உழைப்பும் ஒன்று என்று படிக்கிறோம். நிலம் களைப்பதில்லை, மூலதனம் அழுவதில்லை. உழைப்புக்கு மட்டுமே உடம்பும் மனமும் உண்டு. நாளை வேலைக்குச் செல்லும் முதல் நாளில் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது போலவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள்: இங்கு என்ன ரசாயனம் பயன்படுகிறது? பாதுகாப்புக் குழுவில் எங்கள் சார்பில் இருப்பவர் யார்? ஆபத்தென்று கண்டால் எந்திரத்தை நான் நிறுத்தலாமா?

தனியே கேட்கத் தயக்கமாக இருக்கும். அதனால்தான் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன்.