தோட்டாப் பஞ்சம்

2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தது. பொழுதுபோக்காகக் குறி சுடுகிறவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அவர்களிடம் எனக்கு அனுதாபமே உண்டு. குறி சுடுவது ஒரு வித்தை. ஆனால் இது வானம் பொய்த்து வந்த பஞ்சமா? ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கொள்ளைநோய், கலவரம், தேர்தல் என்று மூன்று பயங்கள் சேர்ந்துகொண்டன. ஒரு பெட்டி வேண்டியவன் பத்துப் பெட்டி வாங்கி அடுக்கினான். வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறவனுக்கும் பிரைமர் அகப்படவில்லை. 2013-இல் .22 ரகத் தோட்டாவுக்கு நேர்ந்ததும் இதே கதிதான்.

அரிசியை அடுக்கினால் பதுக்கல் என்கிறோம். தோட்டாவை அடுக்கினால் மட்டும் முன்ஜாக்கிரதையா?

சமாளிக்க வழியா இல்லை? துப்பாக்கி காலிதான் என்று இருமுறை பார்த்துக்கொண்டு, வெறுமனே விசையிழுத்துப் பழகலாம். ஒலிம்பிக் வீரர்களே செய்கிற சாதகம் அது. காற்றுத் துப்பாக்கியும் இருக்கிறது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதை வைத்துத்தான். அதற்கு வெடிமருந்து குன்றிமணியளவும் வேண்டாம்.

பத்துப் பெட்டி அடுக்கியவன் அவற்றையாவது சுட்டானா என்று கேளுங்கள். சுடமாட்டான், தீர்ந்துவிடுமே என்ற பயம். புதிதாகக் கற்க வந்த பையன் வெறுங்கையோடு திரும்ப, இவனுடைய துப்பாக்கியும் மூலையில் சும்மா கிடக்கிறது.