ஆட்டுக்கும் இடமுள்ள காப்பு நிலம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சுண்ணாம்புக்கல் பூமியில், உழவுக்கு ஏலாத மேட்டுப் புல்தரையைத் தரிசு என்று சொல்லிவிடுகிறோம். சிறு விவசாயிக்கு அது தரிசு அல்ல. மக்காச்சோளமும் பருத்தியும் வயலை அடைத்து நிற்கும் மாதங்களில் அவருடைய ஆடுகளுக்கு அதுதான் கதி. சிமெண்ட் ஆலைக்கும் இதே கல் வேண்டும். தரிசு என்று பெயர் வாங்கிய நிலம்தான் முதலில் கைமாறும்.

சாத்தனூரில் கல்லாகிப் போன, சுமார் 18 மீட்டர் நீள மரத்தை வேலி போட்டுக் காக்கிறோம். நல்ல காரியம். ஆனால் ஓடைக்கரையில் உயிரோடு நிற்கும் புங்கனுக்கும் நாவலுக்கும் காவல் இல்லை. வேர்ப்பிடிப்பு போனால் கரை மண் கரைந்து ஏரியில் போய்ச் சேரும்.

ஆகவே மேய்க்காலையும் ஓடைக்கரையையும் காப்பு நிலமாக்க வேண்டும் என்பது என் கருத்து. "நாளைக்கு ஆட்டை உள்ளே விடமாட்டார்களே?" என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான்.

இங்கிலாந்தில் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979-ல் அற்றுப்போயிற்று. மேய்ச்சல் குறைந்து புல் உயர்ந்ததே முக்கியக் காரணம் என ஆராய்ச்சியில் தெரிந்தது. அதன் புழு ஒருவகைச் சிவப்பு எறும்பின் புற்றில் வளர்வது; அந்த எறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல் தேவை. பிறகு சுவீடனிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து, சுண்ணாம்புப் புல்வெளிகளில் ஆடுமாடுகளையும் மேயவிட்டார்கள், பூச்சி பிழைத்தது. நமக்கு வேறொரு தொல்லை உண்டு. சீமைக்கருவேல் நெற்றைத் தின்னும் ஆடுமாடுகளே அதன் விதையையும் பரப்புகின்றன. கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002-ன்படி உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு பாரம்பரியத் தலம் அறிவிக்கலாம். அதனால் பிழைப்பு பாதிக்கப்படுவோருக்கு ஈடு செய்யும் திட்டத்துக்கும் அதில் வழி உண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-ல் அப்படி அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கி 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. கிராமத்தார் எதிர்த்து நின்ற பிறகே, 2025 ஜனவரியில் அது ரத்தாயிற்று. அறிவிப்பு மட்டும் போதாது, ஊரும் நிற்க வேண்டும்.

மேய்க்காலை நாலு பங்காக்கி, ஐப்பசி மழையில் ஒரு பங்கை மட்டும் புல் விதை உதிரும்வரை மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு பங்கு. சொட்டையான இடத்தில் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவலாம். சுண்ணாம்பு மண்ணுக்கு ஒத்த புல் அது. கிராம சபையில் தீர்மானம் போடும்போது சர்வே எண்ணோடு, எந்தெந்த மாதம் எந்தப் பங்கில் ஆடு மேயும் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.